செய்யாத குற்றம் – 7: ஆன்னி அத்தை வீட்டுக் கையுறை

வாக்குமூலத்தில் ஜெர்ரி கான்லன் கையெழுத்துப் போட்டுவிட்டார். சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அந்தத் தாள்களில் அவர் பெயரோடு வேறு சிலர் பெயர்களும் இருந்தன. அதில் ஒன்று லண்டனில் இருந்த அவருடைய தாய்மாமன் மனைவியின் பெயர். வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொடுத்ததே ஆன்னி அத்தைதான் என்று சொன்னது அந்த வாக்குமூலம்.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக முன்கதைச் சுருக்கம்.

1974 அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு. லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கில்ட்ஃபோர்டு என்ற ஊரில், ராணுவத்தினர் கூடும் 'ஹார்ஸ் அண்ட் குரூம்' மதுக்கூடத்தில், ஐரிஷ் ஆயுத இயக்கமான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. நான்கு ராணுவத்தினரும் பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். அந்த நான்கு பேரில் ஒருவருக்குக்கூட இருபது வயது நிரம்பவில்லை. நவம்பர் 7 அன்று வூல்விச்சில் இன்னொரு மதுக்கூடம், இரண்டு சாவு. நவம்பர் 21 அன்று பர்மிங்ஹாமில் 21 சாவு. நாடே கொதித்தது. எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. குற்றச்சாட்டு எதையும் பதியாமலேயே ஒருவரை ஏழு நாள் வரை போலீஸ் காவலில் வைத்திருக்கலாம் என்றது அது. அந்தச் சட்டத்தின் பிடியில் முதலில் சிக்கியவர்களில் இருவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்காரர்களான பால் ஹில், ஜெர்ரி கான்லன். அடுத்து பேடி ஆர்ம்ஸ்ட்ராங். அவரோடு பதினேழு வயதான ஆங்கிலேயப் பெண் கரோல் ரிச்சர்ட்சன். நால்வரும் கையெழுத்திட்டார்கள். அடி தாங்காமலும், அம்மாவையும் தங்கையையும் சும்மா விடமாட்டோம் என்று மிரட்டியதாலும்தான் கையெழுத்திட்டேன் என்று ஜெர்ரி பிற்பாடு எழுதினார். போலீஸ் மறுத்தது.

இனி, பெல்ஃபாஸ்ட்.

வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகனை நவம்பர் 30 அன்று விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா ஜூசெப்பி கான்லனுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஞானத்தந்தையாக இருந்த இத்தாலியரின் பெயரை அவருக்கு வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுப்போய், பல ஆண்டுகளாக வேலைக்கே போக முடியாதவர். படியேறினால் மூச்சு வாங்கும். ஆனால் மகனுக்கு ஒரு வக்கீல் வைக்க வேண்டுமே. கப்பலேறினார். லண்டனில் தங்க இடம்? மனைவி சாராவின் சகோதரர் பேடி மெக்வயர் வீடு இருந்தது. அதே ஆன்னி அத்தையின் வீடு.

1993-ல் வெளிவந்த 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்தை நம் வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜிம் ஷெரிடன் இயக்கியது. ஜெர்ரியாக டேனியல் டே-லூயிஸ், ஜூசெப்பியாக பீட் போஸ்டில்த்வெய்ட். அப்பாவும் மகனும் ஒரே சிறை அறையில் ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்டு, முகம் திருப்பி, பிறகு ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் காட்சிகள்தான் அந்தப் படத்தின் உயிர். நிஜத்தில் அவர்கள் இருவரும் ஒரே அறையில் அடைக்கப்பட்டதே இல்லை. கில்ட்ஃபோர்டு வழக்கும் மெக்வயர் குடும்பத்தின் வழக்கும் ஒரே விசாரணையாகவும் நடக்கவில்லை. படத்தில் அப்படிச் சேர்த்திருக்கிறார்கள். இதற்காக ஷெரிடனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டேகால் மணி நேரத்துக்குள் பதினைந்து ஆண்டுகளை அடைக்க வேண்டியவர் அவர். ஆனால் படம் வேகமாகத் தாண்டிப்போன ஓர் இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வீட்டில் அந்த ஒரு நாள் என்ன நடந்தது?

1974 டிசம்பர் 3. லண்டனின் ஹார்ல்ஸ்டன் பகுதி. ஆன்னி மெக்வயர் நான்கு பிள்ளைகளின் தாய். பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து துப்புரவு வேலைக்குப் போகிறவர். கணவர் பேடி பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றியவர். அன்று பகலில் பயணக் களைப்போடு வந்து சேர்ந்தார் ஜூசெப்பி. ஆன்னியின் சகோதரர் ஷான் ஸ்மித் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார். குடும்ப நண்பர் பேட்ரிக் ஓநீல் தன் மூன்று பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைப்பேற்றுக்காக மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் திரும்பும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாக ஆன்னி சொல்லியிருந்தார்.

அன்று மாலை போலீஸ் வந்தது.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். வெடிமருந்து இல்லை. திரி இல்லை. கடிகாரப் பொறி இல்லை. அந்த வீட்டில் வெடிமருந்து என்று ஒரு துணுக்கைக்கூடக் கடைசிவரை எவரும் கண்டெடுக்கவில்லை. ஆனால் அங்கிருந்தவர்களின் கைகளைத் துடைத்து மாதிரி எடுத்தார்கள்.

ஆன்னியும் அவருடைய இரண்டு மகன்களும் உட்பட ஏழு பேரின் வாழ்க்கை அந்தச் சோதனையில்தான் மாட்டிக்கொண்டது. அதனால் அது எப்படி நடந்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஈத்தரில் நனைத்த பஞ்சால் உள்ளங்கையைத் துடைப்பார்கள். நகத்துக்கு அடியில் சுரண்டி எடுப்பார்கள். அதில் உள்ளதைக் கரைத்து, சிலிக்கா பூசிய தகட்டின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சொட்டு வைப்பார்கள். டொலுயீன் என்ற திரவத்தில் தகட்டை நிறுத்தினால் திரவம் மெல்ல மேலேறும். சொட்டில் இருந்த பொருளும் கூடவே ஏறி ஏதோ ஓர் உயரத்தில் நிற்கும். அதன் பிறகு வேதிப்பொருளைத் தெளித்தால் அந்த இடத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு புள்ளி தெரியும். நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருள் எந்த உயரத்தில் நிற்குமோ அதே உயரத்தில் புள்ளி விழுந்தால், அந்தக் கை நைட்ரோகிளிசரினைத் தொட்ட கை. அவ்வளவுதான் சோதனை. வூல்விச்சில் இருந்த ராணுவ ஆய்வுக்கூடத்தில், பயிற்சியில் இருந்த ஓர் இளைஞர் செய்த சோதனை இது. மாதிரி முழுவதும் இதிலேயே செலவாகிவிட்டது. சந்தேகம் வந்தால் மறுபடி சோதிக்க எதுவும் மிச்சமில்லை.

பேடியின் கையில் புள்ளி. ஜூசெப்பியின் கையில் புள்ளி. ஸ்மித், ஓநீல், ஆன்னியின் மகன் வின்சென்ட் என்று வரிசையாகப் புள்ளி. ஆன்னியின் பதிமூன்று வயது இளைய மகனுக்கும் புள்ளி. ஆன்னியின் கையில் மட்டும் ஒன்றுமே இல்லை. சுத்தமான கை.

அப்படியானால் ஆன்னி தப்பினாரா? இல்லை. அவர் வீட்டு வேலைக்குப் பயன்படுத்திய கையுறைகளைச் சோதித்தார்கள். அதில் புள்ளி விழுந்தது. கையுறை போட்டுக்கொண்டுதான் வெடிமருந்தைப் பிசைந்திருக்கிறார், அதனால்தான் கை சுத்தமாக இருக்கிறது என்றது அரசுத் தரப்பு.

கையில் புள்ளி இருந்தாலும் குற்றவாளி, இல்லாவிட்டாலும் குற்றவாளி என்றால் அந்தச் சோதனையை எதற்காகச் செய்தார்கள்? இதை எழுதும்போது என்னால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நைட்ரோகிளிசரினைத் தவிர வேறு எந்தப் பொருளுக்கும் அந்த உயரத்தில் அப்படிப் புள்ளி விழாது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். பெட்டன் என்ற இன்னொரு வெடிபொருளுக்கும் அதே உயரத்தில் அதே புள்ளி விழும் என்பதும், அசுத்தமான ஒரு துண்டில் கை துடைத்தால்கூடத் தடயம் ஒட்டக்கூடும் என்பதும் ஏறத்தாழ 15 ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தன.

முதலில் நடந்தது நால்வர் வழக்கு. 1975 செப்டம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. நீதிபதி சர் ஜான் டொனால்ட்சன். அரசுத் தரப்பில் சர் மைக்கேல் ஹேவர்ஸ். மதுக்கூடத்தில் இவர்களைப் பார்த்ததாக அடையாளம் காட்டியவர் ஒருவரும் இல்லை. கைரேகை இல்லை, வெடிமருந்துத் தடயமும் இல்லை. இருந்தவை வாக்குமூலங்கள் மட்டுமே, அவையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. அன்றிரவு கரோல் லண்டனில் ஓர் இசை நிகழ்ச்சியில் இருந்தார். இசைக்குழுவினரோடு நின்று எடுத்துக்கொண்ட புகைப்படமும் இருந்தது. குண்டை வைத்துவிட்டுக் காரில் விரட்டிக்கொண்டு வந்தால் நிகழ்ச்சிக்கு நேரத்தோடு வந்துவிடலாம் என்று பதில் சொன்னார்கள். அவருக்காகச் சாட்சி சொல்ல வந்த நண்பரையே போலீஸ் பிடித்து வைத்து விசாரித்தது. கில்பர்ன் பகுதியில் பாதிரியார்கள் நடத்திய ஒரு விடுதி அறையில் படுத்திருந்தேன் என்றார் ஜெர்ரி. அப்போது அறையில் அவரைப் பார்த்தவரை அவருடைய வக்கீல்களால் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. இந்த ஒன்றை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அக்டோபர் 22 அன்று தீர்ப்பு வந்தது. நால்வரும் குற்றவாளிகள். ஜெர்ரி குறைந்தது 30 ஆண்டு சிறையில் இருக்க வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 35 ஆண்டு. இவர்கள் மீது ராஜத் துரோகக் குற்றம் சாட்டியிருந்தால் தூக்கு கொடுத்திருக்கலாமே என்று நீதிபதி வெளிப்படையாகவே வருந்தினார். அப்படிக் குற்றம் சாட்டியிருந்தால் இந்தத் தொடரின் இந்த அத்தியாயத்தில் நால்வருக்கும் கல்லறைதான் இருந்திருக்கும்.

1976 மார்ச் 4. அதே நீதிபதி, அதே ஹேவர்ஸ். இம்முறை மெக்வயர் ஏழு பேர். ஆன்னிக்கும் பேடிக்கும் 14 ஆண்டு. ஜூசெப்பிக்கும் ஸ்மித்துக்கும் தலா 12 ஆண்டு. குழந்தைகளை விட வந்த ஓநீலுக்கும் 12 ஆண்டுதான், பின்னர் அது 8 ஆனது. வின்சென்டுக்கு 5. கடைக்குட்டிப் பையனுக்கு 4 ஆண்டு. அவனுக்கு அப்போது வயது 14.

வழக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மெக்வயர் வழக்கில் தீர்ப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பே, லண்டனின் வேறொரு தெருவில் இன்னொரு கதவு திறந்திருந்தது.

1975 டிசம்பர். போலீஸ் துரத்திவந்த ஐ.ஆர்.ஏ. ஆட்கள் நான்கு பேர் பால்கம் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த கணவன் மனைவியைப் பணயக் கைதிகளாகப் பிடித்தார்கள். ஆறு நாள் முற்றுகை. டிசம்பர் 12 அன்று சரணடைந்தார்கள். ஜோ ஓகானல், எடி பட்லர், ஹாரி டக்கன், ஹியூ டொஹர்ட்டி. லண்டனை நடுங்க வைத்த குண்டுவெடிப்புகளும் கொலைகளும் இவர்கள் கைவரிசை.

இவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். கில்ட்ஃபோர்டிலும் வூல்விச்சிலும் குண்டு வைத்தது நாங்கள், சிறையில் இருக்கும் நால்வரும் யாரென்றே எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

இதை விடாமல் பிடித்துக்கொண்டவர் அலாஸ்டர் லோகன். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வக்கீல், கில்ட்ஃபோர்டுக்காரர். குண்டு வெடித்த ஊரிலேயே தொழில் செய்துகொண்டு, குண்டு வைத்தவர் என்று ஊரே நம்பியவருக்காக வாதாடுவது எவ்வளவு பெரிய காரியம்! அதிலும் பெரும்பகுதிக் காலம் கட்டணம் வாங்காமல். படத்தில் இந்த மனிதருக்கு இடமே இல்லை. அது எனக்கு வருத்தம். லோகன் சிறைக்குப் போய் பால்கம் தெரு ஆட்களைச் சந்தித்தார். அவர்களும் பிரெண்டன் டௌட் என்ற இன்னொரு ஐ.ஆர்.ஏ. கைதியும் சம்பவத்தை விவரமாகச் சொன்னார்கள்.

1977-ல் பால்கம் தெரு ஆட்களின் வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றப் பட்டியலில் கில்ட்ஃபோர்டும் இல்லை, வூல்விச்சும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது ஓகானல் பதில் சொல்ல மறுத்தார். அந்த இரண்டு சம்பவங்களையும் இந்தப் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை என்பதே அவருடைய ஆட்சேபம். செய்த குற்றத்தைத் தன் மேல் சுமத்தவில்லையே என்று ஒரு குற்றவாளி நீதிமன்றத்தில் முறையிடுவதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

இனி கதவு திறந்துவிடும் என்றுதானே நினைப்போம்? 1977 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். கூண்டில் ஏறி நின்று, நாங்கள்தான் செய்தோம் என்று உண்மையான குற்றவாளிகளே சாட்சி சொன்னார்கள். கேட்டுவிட்டு நீதிபதிகள் முடிவு சொன்னார்கள். நீங்களும் செய்திருக்கலாம், அதனால் அந்த நால்வரும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. ஆயுள் தண்டனைக் கைதிகளான உங்களுக்கு இழக்க ஒன்றுமில்லை, கூட்டாளிகளைக் காப்பாற்றச் சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறீர்கள். மேல்முறையீடு தள்ளுபடி.

இங்கேதான் இந்த வழக்கின் மூல வியாதி இருக்கிறது. காவல் நிலையத்தில் வாங்கிய கையெழுத்து ஒன்று போதும், மற்ற சாட்சியம் எல்லாம் அதற்கு வளைந்து கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. புகைப்படத்தை வளைத்தார்கள், கடிகாரத்தை வளைத்தார்கள், கடைசியில் நிஜக் குற்றவாளியின் சாட்சியத்தையும் வளைத்தார்கள். பிரிட்டிஷார் நம் நாட்டுக்கு 1872-ல் எழுதிக்கொடுத்து, 2024 வரை நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்றது. இந்தியப் போலீஸ் அடித்து வாங்கிவிடும் என்ற அச்சத்தில் அந்தப் பூட்டைப் போட்டார்கள். தங்கள் வீட்டுப் போலீஸ் அப்படிச் செய்யாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு விலையாகப் பதினோரு பேர் சிறைக்குப் போனார்கள்.

ஜூசெப்பியின் உடம்பு சிறையில் வேகமாகக் கரைந்தது. அவரைச் சிறையில் சந்தித்த கார்டினல் பேசில் ஹியூம், இவர் நிரபராதி என்று உறுதியாக நம்பினார். கைதிகளின் குடும்பங்களுக்கு ஓடி ஓடி உதவிய கன்னியாஸ்திரி சாரா கிளார்க், சில எம்.பி.க்கள் என்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்து கதவைத் தட்டியது. சாகும் தறுவாயில் இருக்கும் மனிதரை வீட்டுக்காவது அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள். அனுப்பவில்லை. மகனுக்கு வக்கீல் பிடிக்க லண்டன் வந்த ஜூசெப்பி கான்லன், 1980 ஜனவரியில் கைதியாகவே லண்டன் ஆஸ்பத்திரியில் இறந்தார். வெளியே எங்கோ ஒரு வீட்டில் மரியாதையோடு முடிந்திருக்க வேண்டிய உயிர். அவருக்கு அரசாங்கம் செய்த கொடுமைக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

அதன்பின் ஆண்டுகள் ஓடின. யார்க்‌ஷயர் தொலைக்காட்சி இந்த வழக்குகளைத் தோண்டிப் படம் எடுத்தது. 1986-ல் ராபர்ட் கீ புத்தகம் எழுதினார். டெவ்லின், ஸ்கார்மன் என்ற இரண்டு மூத்த சட்டப் பிரபுக்களே இந்தத் தீர்ப்பு செல்லாது என்று குரல் கொடுத்தார்கள். 1989 ஜனவரியில் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் வழக்கை மறுபடி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். வாக்குமூலம் வாங்கிய சர்ரே போலீசின் பழைய கோப்புகளை எல்லாம், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஏவன் - சாமர்செட் போலீஸ் புரட்டத் தொடங்கியது.

அந்தக் கோப்புகளில் ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் நடத்திய விசாரணையின் குறிப்புகள் கிடைத்தன. அவர் பேசப் பேச, அந்த அறையிலேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்ட குறிப்புகள் இவை என்று போலீஸ் அதிகாரிகள் 1975-ல் சத்தியம் செய்து சொல்லியிருந்தார்கள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். இப்போது கிடைத்ததோ டைப் அடித்த தாள். அதில் வரிகள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. இடையிடையே பேனாவால் புதிய சொற்கள் சேர்க்கப்பட்டிருந்தன. பத்திகளின் வரிசை மாற்றப்பட்டிருந்தது. அந்தத் திருத்தங்களை எல்லாம் சேர்த்துப் படித்தால், நீதிமன்றத்தில் கொடுத்த 'கையால் எழுதிய' குறிப்போடு பொருந்தியது.

கோப்புகளில் இன்னொரு தாளும் இருந்தது. குண்டு வெடித்த அன்று மாலை கில்பர்ன் விடுதி அறையில் ஜெர்ரியைப் பார்த்ததாக ஒருவர் 1975 ஜனவரியிலேயே போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் அது. விசாரணை தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பே அது அரசுத் தரப்பின் கையில் இருந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு அது காட்டப்படவே இல்லை.

1989 அக்டோபர் 17 அன்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே நாளில் நால்வரையும் தலைமை நீதிபதி முன் நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் மட்டும் அன்று விடுதலையாகி வீட்டுக்குப் போக முடியாது. அவர் யார், ஏன் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)